அஜுதானின் வலது மணிக்கட்டு

எங்கள் மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குள் அவர் நுழைந்த அந்தக் காலை எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. நெஞ்சுவலி என்று வருகிறவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருவதுதான் வழக்கம். இவர் நாற்காலியில் தன் தோல் பெட்டியை உட்காரவைத்து, தானே தள்ளிக்கொண்டு வந்தார். தள்ள வேண்டிய ஊழியர் பின்னால் வெறுங்கையோடு, திருடனைப் போல முழித்துக்கொண்டு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, முகம் தெரியும்படி பளபளத்த ஷூ, முறுக்கிய மீசை. வந்தவர் நேராகக் கட்டிலுக்குப் போகக் கூடாதா? வாசல் காவலாளியிடம் ஆரம்பித்தார். வலது கையை நீட்டி, அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்கு. அடுத்து, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள். அவர் பதறிப்போய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினார். அப்புறம் முதல் கட்டில் நோயாளி, அவர் சம்சாரம், சம்சாரத்தின் மடியில் இருந்த குழந்தை. மூன்றாவது கட்டிலில் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தவரைக்கூட விடவில்லை. போர்வைக்குள்ளிருந்து அவர் கையை எடுத்து, குலுக்கி, பத்திரமாகத் திரும்ப உள்ளே வைத்தார். கடைசியாக என்னிடம் வந்தார். என் ஒரு கையில் ஊசித் தட்டு, மறு கையில் ஃபைல். "போன்ழூர், மா சேர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கையை நீட்டியவர், நான் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கொடுக்கும்வரை அப்படியே நின்றார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

'மா சேர்' என்றால் பிரெஞ்சில் கன்னியாஸ்திரியைக் கூப்பிடுவது. அவர் காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் கன்னியாஸ்திரிகள்தான், அதனால் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நிற்கிற பெண் எல்லாம் அவருக்கு மா சேர்தான். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், ஒரு புருஷன், முதலியார்பேட்டையில் ஒரு மாமியார். கழுத்தில் தாலி வேறு வெளியே தொங்குகிறது. எத்தனை தடவை எடுத்துச் சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. சரி, இந்த ஒரு இடத்திலாவது துறவியாக இருந்துவிட்டுப் போவோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். அஜுதான் என்பது அவர் வகித்த பதவி; அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் அதட்டுகிற பதவி என்று அவரே விளக்கம் சொன்னார். பட்டாளத்தை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் தெருவில், சர்ச்சில், கடற்கரையில் எல்லோருக்கும் அவர் அஜுதான்தான். அவர் மனைவியை எல்லோரும் மதாம் என்பார்கள். மதாம் சின்ன உருவம், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அஜுதான் ஆட்டம் எல்லை மீறும்போது பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், அவர் கப்பென்று அடங்கிவிடுவார். அந்த வாக்கியத்தை எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றுகூட நான் யோசித்ததுண்டு.

இந்தக் கை கொடுக்கும் விவகாரத்தை மதாம்தான் எனக்குப் புரியவைத்தார். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில், அதுவும் சொல்தா வீடுகளில், ஒரு இடத்துக்குள் நுழைந்தால் இருக்கிற அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கை கொடுக்க வேண்டும். கிளம்பும்போதும் அதேபோல. மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது மரியாதையே இல்லை. ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தால் அது பகை. இடது கையை நீட்டினால் பகையைவிட மோசம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே "இன்னா, சோறு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள், மரியாதை அதோடு முடிந்தது. இவர்களுக்கோ கை கொடுத்து முடிப்பதற்குள் சோறே ஆறிவிடும்.

அப்போது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். எங்கள் டாக்டர் சென்னையில் பயிற்சி முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்தார். அதுவரை எங்கள் பிரிவில் இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் தொடை வழியாகத்தான் மெல்லிய குழாயை விடுவோம். முடிந்தபிறகு தொடைமேல் மணல் மூட்டையை வைத்து, காலை அசைக்காதே என்று மல்லாக்கப் போட்டுவிடுவோம். ஒன்றுக்குப் போவதுகூடப் படுத்தபடியேதான். அதற்காக நான் வாங்கிய வசவை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் அந்த மணல் மூட்டையைவிடக் கனமாக இருந்திருக்கும். புது டாக்டர் மணிக்கட்டு வழியாகப் போகிறவர். நோயாளி எழுந்து உட்காரலாம், காப்பி குடிக்கலாம், தானே நடந்து கழிப்பறைக்குப் போகலாம். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அஜுதானுக்கோ மணிக்கட்டை விட்டால் வேறு வழியே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிடித்த சிகரெட்டில் இரண்டு தொடைக் குழாய்களும் சுருங்கிப்போயிருந்தன. அடுத்து கைகளைப் பார்த்தார் டாக்டர். மணிக்கட்டில் உள்ளங்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு உண்டு, கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. கட்டைவிரல் பக்கத்துக் குழாய் வழியாகத்தான் நாங்கள் போவோம். ஒருவேளை அது அடைத்துக்கொண்டால் மற்றது கையைக் காப்பாற்றுமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். இரண்டையும் அழுத்திப் பிடித்து, கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டால் நிறம் திரும்ப வேண்டும். இடது கையில் நிறம் திரும்பவே இல்லை. வலது கை உடனே சிவந்தது. ஆக, அஜுதானின் இதயத்துக்குப் போக மிச்சமிருந்த ஒரே பாதை அந்த வலது மணிக்கட்டுதான். ஊரெல்லாம் குலுக்கிக்கொண்டு திரியும் அதே மணிக்கட்டு!

"ஐயா, இது இல்லேன்னா நெஞ்சைத் திறந்து பண்ற ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

"நெஞ்சைப் பொளக்க நான் வுடமாட்டேன். அதுக்கு இப்படியே போய்ச் சேந்துடறேன்" என்றார் அஜுதான். மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அஜுதான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அந்த அம்மாளின் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சண்டை ஹெப்பாரினுக்கு. கையில் குழாயைச் செருகியதும் அதன் வழியாகவே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்போம். டாக்டர் நல்ல மனசோடு, "ரத்தத்தைக் கொஞ்சம் இளக்கி வைக்கிற மருந்து" என்று சொல்லித் தொலைத்தார். அஜுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒயின்லே தண்ணி ஊத்தறவன் வூட்டுலே நான் உக்காரக்கூட மாட்டேன். என் ரத்தத்துலேயே ஊத்தப் போறீங்களா?"

"தண்ணி இல்லை ஐயா. உள்ளே குழாய் போன இடத்துலே ரத்தம் உறைஞ்சு கட்டி ஆயிடும். கட்டி ஆனா அந்த வழி அடைச்சுக்கும். அப்புறம் நான் திரும்ப வர முடியாது. அது ஆகாம இருக்கத்தான் இது."

"சரி, பாதி போடுங்க."

"பாதியெல்லாம் போட முடியாது ஐயா."

"முக்கா?"

வைத்திக்குப்பத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவர் மாதிரி பேசிக்கொண்டே போனார். டாக்டர் பாவம், படித்ததில் இதற்குப் பதில் இல்லை என்று என் முகத்தைப் பார்த்தார். நான் மதாம் முகத்தைப் பார்த்தேன். மதாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். பேரம் முடிந்தது. அஜுதான் ஒப்பந்தத்தை உறுதி செய்கிறவர் போல டாக்டருக்குக் கை கொடுத்தார், பிறகு எனக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலை படம் எடுத்தது நல்லபடியாக முடிந்தது. திரையில் தன் இதயத்தைப் பார்த்துவிட்டு, "இதுவா என்னுது? இவ்ளோ நோஞ்சானா இருக்குது!" என்று குறைப்பட்டுக்கொண்டார். முக்கியமான குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாக வேண்டும். ஆனால் படத்துக்காகச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது, அவருக்கு அது ஏற்கெனவே சுமார்தான். அதனால் ஒரு வாரம் விட்டு, அதே மணிக்கட்டு வழியாக மறுபடி போவது என்று முடிவானது. அந்த ஒரு வாரம் அந்தக் குழாய் அடைக்காமல் இருக்க வேண்டும். இருந்தால் மனிதர் பிழைப்பார். அவ்வளவுதான் கணக்கு.

குழாயை உருவிய இடத்தில் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டினார். அதில் ஊசி வழியாகக் காற்றை ஏற்றினால் சின்னத் தலையணை போல உப்பி, துளையை அழுத்தும். இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். காற்று குறைந்தால் ரத்தம் கசியும். கூடினால் ரத்தக்குழாயே நசுங்கி, ஓட்டம் நின்று, உள்ளே உறைந்துவிடும். கசியவும் கூடாது, நிற்கவும் கூடாது. ரத்தத்தை இளக்க ஒரு பக்கம் மருந்து கொடுத்துவிட்டு, மறு பக்கம் ரத்தம் வராதே என்று அழுத்துகிற வேலை இது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற ஆம்பளைக்கு இருக்கும் சாமர்த்தியம் வேண்டும். கட்டி முடித்ததும் நான் அஜுதானிடம் தெளிவாகச் சொன்னேன்.

"கையை மடக்கக் கூடாது. ஊணக் கூடாது. யாருக்கும் கை குடுக்கக் கூடாது."

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் கடைசி வாக்கியத்தில் திடுக்கிட்டார். "அப்போ வர்றவங்களை நான் இன்னா பண்றது?"

"தலையை ஆட்டுங்க, போதும்."

"நான் இன்னா பூம்பூம் மாடா?"

கையைத் தலையணைமேல் வைத்து, அசையாதபடி துணியால் கட்டினேன். மதாம் தன் பங்குக்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் பிரெஞ்சில் எழுதி அறைக் கதவில் ஒட்டினார். 'கை குலுக்குவது தடை செய்யப்பட்டுள்ளது' என்று அர்த்தமாம். எங்கள் ஊர்ப் பழைய சுவர்களில் விளம்பரம் ஒட்டாதே என்று எழுதியிருக்குமே, அதே தோரணை.

மதியம் பார்வையாளர் நேரத்துக்கு அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர்கள் வந்தார்கள். வரிசையாகத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் கதவுக்கு வரும்போதே கையை நீட்டியாகிவிட்டது. அட்டையைப் படித்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்துப் பார்த்தார், வெளியே எடுத்தார், தலையைச் சொறிந்தார். அடுத்தவர் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். இன்னொருவர் குளுக்கோஸ் கம்பியைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே கட்டிலில் அஜுதான், கறுப்புக் கொடியைப் பார்த்த மந்திரி மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கொடுக்காமல் தேங்கிப்போன கைகள் எங்காவது போக வேண்டுமே! போகும்போது அத்தனை பேரும் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பட்டாளத்துக் கைகள். அன்றைக்கு எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை.

கூட்டம் போனபிறகு மதாம் என்னிடம் மெல்லச் சொன்னார், "ஒருத்தரு மட்டும் வரலே, சிஸ்டர்." அதுதான் காப்ரால். பட்டாளத்தில் அஜுதானுக்குக் கீழே இருந்து, 'மோன் அஜுதான்', அதாவது என் அஜுதான், என்று கூப்பிட்டவர். அல்ஜீரியாவில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே கப்பலில் ஊர் திரும்பியவர்கள். கடற்கரை ஓரத்து மைதானத்தில் சாயங்காலம் இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங் ஆட்டத்திலும் ஒரே கட்சி. அந்த ஆட்டத்தில்தான் என்னவோ தகராறு. குண்டு தள்ளி இருக்கிறது, கிட்டே இருக்கிறது என்று ஆரம்பித்து, அத்தனை பேர் முன்னாலும் காப்ரால் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அஜுதான் மைதானத்துக்குள் நுழைந்தால் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து, காப்ரால் நிற்கும் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார். காப்ராலும் தினமும் தவறாமல் அதே வரிசையில் வந்து நிற்பார். "தினம் தினம் நிப்பாரு, சிஸ்டர். தினம் தினம் இவரு தாண்டிப் போவாரு. ரெண்டு பேருக்கும் வயசு ஆவுதே தவிர புத்தி ஆவலே" என்றார் மதாம்.

மதாம் மாத்திரை வாங்கக் கீழே போனார். நான் பக்கத்து அறையில் ஒருவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வந்தார் காப்ரால். பிறகு இருவரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துத்தான் நடந்ததை எழுதுகிறேன். காப்ரால் அட்டையைப் படித்தார். உள்ளே வந்து கட்டில் காலடியில் நின்றார். இரண்டு கையும் பேண்ட் பைக்குள். அஜுதான் பார்த்தார். இடது கையால் நான் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார், வலது கையை நீட்டினார்.

"அவன் பையிலேர்ந்து கையை எடுக்காம நின்னான். நான் நீட்டலேன்னா இன்னும் கோவமா இருக்கேன்னு நெனைச்சுப்பான்" என்றார் அஜுதான் என்னிடம்.

"அட்டை ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று நான் காப்ராலைக் கேட்டதற்கு அவர் சொன்னார், "படிச்சேன். ஆனா அஜுதானே கையை நீட்டினா அது ஆர்டர். அட்டையைவுட அது பெரிய ஆர்டராச்சே."

அத்தனை காலம் கொடுக்காத கையை எல்லாம் ஒரே தடவையில் கொடுத்திருக்கிறார்கள். குலுக்கிய குலுக்கில் பட்டை நழுவிவிட்டது. ஹெப்பாரின் ஏறிய உடம்பு, சும்மா இருக்குமா? ரத்தம் குபுகுபுவென்று போர்வையில் இறங்கியது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், மணியை அடித்திருப்பார்கள், நான் ஓடிவந்து விரலை வைத்து அழுத்தியிருப்பேன், கதை முடிந்திருக்கும். காப்ரால் பட்டாளத்துக்காரர். ஒரே இழுப்பில் இடுப்பு பெல்ட்டை உருவினார். அஜுதானின் மேல்கையில் சுற்றினார். தட்டில் இருந்த கஞ்சிக் கரண்டியைச் செருகி, போர்க்களத்தில் முறுக்குவதுபோல முறுக்கினார். சட்டைப் பேனாவை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அஜுதானின் நெற்றியில் மணியை எழுதினார். அப்புறம்தான் "மா சேர்!" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

நான் ஓடிவந்தபோது காப்ரால் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். ஒரு கை நெற்றியில், ஒரு கை இறங்கிப்போகும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு. "ரத்தம் நின்னுடுச்சு!" என்றார், முகமெல்லாம் பெருமை. நின்றுதான் போயிருந்தது! சொட்டு ரத்தம் போகாதபடி கை முழுக்க நின்று, மரக்கட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. அஜுதான் நெற்றியில் நீல மையில் மணியோடு, "நல்லா கட்டினான், மா சேர்" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

"அடப் பாவிகளா!" என்று நான் போட்ட கூச்சலில் மூன்றாவது கட்டில்காரர் கண்ணை முழித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். துளையை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு, கரண்டியை உருவி எறிந்து, பெல்ட்டைக் கட்டிலுக்கு அடியில் வீசினேன். கை மெதுவாகச் சிவந்தது. ஆனால் கட்டைவிரல் அடியில் என் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நாடி இல்லை.

டாக்டர் வந்தார். பட்டையைத் திரும்பக் கட்டி, துளி கசிகிறவரை காற்றைக் குறைத்து, பிறகு துளியூண்டு ஏற்றினார். நாடி பார்க்கும் கிளிப்பைக் கட்டைவிரலில் மாட்டி, சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை விரலால் அழுத்தினார். எங்கள் வழி திறந்திருந்தால் திரையில் அலை ஓட வேண்டும். அலை படுத்துவிட்டது. டாக்டர் அஜுதானின் நெற்றியைப் பார்த்தார்.

"இது சரியான நேரமா?"

"வாட்ச்சைப் பாத்துதான் எழுதினேன், டாக்டர். எப்போ கட்டினதுன்னு டாக்டருக்குத் தெரியணும், நெத்தியிலே எழுதுன்னு பட்டாளத்துலே சொல்லிக் குடுத்தாங்க" என்றார் காப்ரால், கதவோரத்திலிருந்து.

"நல்லவேளை எழுதினீங்க. ரொம்ப நேரம் ஆகலை. புதுசா உறைஞ்சது, கரைய வாய்ப்பிருக்கு" என்ற டாக்டர், இன்னும் கொஞ்சம் ஹெப்பாரின் எடுத்து வரச் சொன்னார். ரத்தம் இப்போதுதான் கொட்டி நின்றிருக்கிறது, மறுபடியும் இளக்குகிற மருந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தேன். அஜுதான் ஊசியைப் பார்த்தார். "பேரமெல்லாம் இல்லே. முழுசாவே போடு, மா சேர்" என்றார். அவர் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

காத்திருந்தோம். நான் பட்டையையும் பார்க்க வேண்டும், கசிவையும் பார்க்க வேண்டும், அடிக்கடி விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே காப்ரால் நாற்காலி இருந்தும் உட்காராமல் சுவரோரம் நின்றார். பேண்ட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. திரும்பி வந்த மதாமுக்கு விஷயம் தெரிந்ததும் அவரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, குனிந்து, காப்ராலின் பேண்ட் இடுப்பை மடித்துக் குத்திவிட்டார். அந்த மனுஷன் அப்போதும் அட்டென்ஷனிலேயே நின்றார். பக்கத்து அறைக்காரி ஒருத்தி கதவு வழியாக அஜுதானின் நெற்றியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குச் சாம்பல் புதனா?" என்று என்னிடம் கேட்டாள். சர்ச்சில் நெற்றியில் சாம்பல் இடுகிற நாள் அது. சிரிக்கவும் முடியவில்லை.

உள்ளே யாரும் இல்லாத நேரம் பார்த்து அஜுதான் என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"மா சேர், நாடி வரலேன்னா அவன்கிட்டே வந்துடுச்சுன்னு சொல்லிடு. தன் கையாலே எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான்."

காலையிலிருந்து இந்த ஆளால் நான் பட்ட பாடெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "வரும், பேசாம படுங்க" என்று அதட்டிவிட்டு, ஜன்னல் திரையைச் சரி செய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாடி வந்தது. முதலில் என் விரல்தான் துடிக்கிறதோ என்று சந்தேகம். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மெலிசாக, ஆனால் ஒழுங்காக, தட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கிளிப்பை மாட்டி அழுத்திப் பார்த்தார், அலை நிமிர்ந்து ஓடியது. அடுத்த வாரம் அதே வழியாகப் போய் ஸ்டென்ட் வைத்தார், அஜுதான் அதன்பிறகு பல வருஷம் கடற்கரையில் குண்டு உருட்டினார். இப்போது எங்கள் பிரிவில் மணிக்கட்டு வழிதான் எல்லோருக்கும். ஹெப்பாரினும் பட்டையும் புதிதாக வரும் பெண்களுக்கு ஆச்சரியமில்லாத அன்றாட வேலையாகிவிட்டன, மணல் மூட்டை என்றால் என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சாயங்காலத்தில் நான் பார்த்ததை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு நாடி வந்ததும் நான் வெளியே ஓடினேன். "வந்துடுச்சுங்க! நாடி வந்துடுச்சு!" என்றேன். காப்ரால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னையே பார்த்தார்.

"அவரு சொல்லச் சொன்னாரா?"

அவர் சொல்லச் சொன்னதும் உண்மை, நாடி வந்ததும் உண்மை, எதை முதலில் சொல்வேன்?

"அவரு அப்படித்தாம்மா. அல்ஜீரியாலே குண்டு பட்டுக் கெடக்கறவன் பக்கத்துலே குந்திக்கினு, ஒண்ணுமில்லேடா, கீறல்தான்னு சொல்லுவாரு. அவரு அப்படிச் சொன்னாருன்னா ஆள் தேறமாட்டான்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

பேசிப் புண்ணியமில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கட்டிலோரம் நிற்கவைத்து, அவருடைய இரண்டு விரல்களை எடுத்து, அஜுதானின் கட்டைவிரல் அடியில், பட்டைக்குக் கீழே வைத்தேன். "அமுக்காதீங்க. கோழிக்குஞ்சைத் தொடற மாதிரி சும்மா வையுங்க" என்றேன். காப்ரால் கண்ணை மூடிக்கொண்டார். அஜுதான் மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காப்ராலின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. கண்ணைத் திறந்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லே, மோன் அஜுதான்" என்றார். "கீறல்தான்."

அஜுதான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்வையாளர் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. வெளியே போங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. நெற்றியில் நீல மை மணியோடு ஒரு பெரிய மனிதர் தோள் குலுங்க அழுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன், எனக்கு அழுகைதான் வந்தது.